வாலில் இரண்டு கோடுகள்

ஐந்து தடவை தண்ணீர் ஊற்றியும் நவ்ஷாதின் தாடியிலிருந்து வெள்ளைப் பொடி போகவில்லை என்று சொல்வதற்காக பள்ளிவாசல் மோதினார் சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். கைலியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தார். அவர் பேசியது ஜீனத்திடம் அல்ல, அவள் அண்ணன் காஜா மைதீனிடம். ஆனால் ஜீனத் நாலடி தள்ளி, கதவுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

"காது மடிப்பு, நகக்கண்ணு, எல்லா எடத்துலயும் இருக்குங்க. தண்ணிய ஊத்துனா மெதக்குது, மறுபடி வந்து அங்கயே ஒட்டிக்குது. என்ன பொடிங்க இது?"

"ஃபோமுங்க. தெர்மாகோல் மாதிரி. போர்டு இழைக்கிறப்ப பறக்குறது."

"மூணு தடவ ஊத்தணும். பத்தலன்னா அஞ்சு, அதுவும் பத்தலன்னா ஏழு. ஒத்தப்படையில முடிக்கணும். இன்னும் ரெண்டு ஊத்திடட்டுமா?"

காஜா மைதீன் கதவுப் பக்கம் திரும்பினார். மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக் கடை வைத்திருப்பவர். எதையும் ஒரு தடவை கேட்டுக்கொண்டுதான் வெட்டுவார்.

"ஏழாவே முடிச்சிடச் சொல்லுங்கண்ணே" என்றாள் ஜீனத்.

மோதினார் போன பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. நவ்ஷாத் தினமும் குளிக்கப் போகுமுன் காய்ந்த துண்டால் தலை, தாடி, கைமுட்டி எல்லாவற்றையும் தட்டிவிட்டுத்தான் போவான். முதலில் தண்ணீர் பட்டுவிட்டால் அந்தப் பொடி லேசில் இறங்காது. முதல் வாளிக்கு முன்னாலேயே இதை அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இருபது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு மட்டுமே தெரிந்த விஷயம், வேண்டிய நேரத்தில் நாக்குக்கு வரவில்லை.

காட்டூரில் தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்த வீட்டில், மையத்தை, இறந்தவர் உடலை, குளிப்பாட்டுவதற்கு வசதியான இடம் பின்பக்க ஷெட்தான். சிமெண்டுத் தரை, குழாய், தண்ணீர் ஓட வாய்க்கால், மூன்று பக்கச் சுவர். அங்கேதான் காலையில் நவ்ஷாத் விழுந்தான், அங்கேயே இப்போது பள்ளிவாசல் பலகையில் கிடக்கிறான். குவிந்து கிடந்த ஃபோம் தூளை நாலு சாக்கில் அள்ளிக் கட்டிவிட்டு, இழைக்கத் தாங்கலாக இருந்த மரக் கிராதியில் கிடந்த பாதி வேலை முடிந்த போர்டையும் தூக்கி வெளியே கொண்டுபோனார்கள். எங்கே வைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அதைத்தான் காலையிலிருந்து கேட்க நினைத்துக்கொண்டிருந்தாள். கணவன் மவுத்தான வீட்டில் ஒரு பெண் கேட்கக்கூடிய கேள்வியாக அது இல்லை.

திருச்சியில் கடல் அலையில் சறுக்குகிற போர்டு செய்கிறார்கள் என்றால் யாரும் முதல் தடவையில் நம்புவதில்லை. காவிரியில் தண்ணீர் வந்தாலே பேப்பரில் செய்தி போடுகிற ஊர். நவ்ஷாத் ஷார்ஜாவில் பன்னிரண்டு வருடம் படகுக் கம்பெனியில் ஃபைபர் வேலை பார்த்தவன். திரும்பி வந்து தண்ணீர்த் தொட்டியும் பாத்ரூம் கதவும் செய்துகொண்டிருந்தான். சென்னைக்குப் பக்கத்தில் கோவளத்திலிருந்து யாரோ உடைந்த போர்டு ஒன்றை ஒட்டித் தரக் கேட்டார்கள். பிறகு இன்னொன்று வந்தது, இன்னும் மூன்று வந்தன. எல்லாமே ஒரே இடத்தில் உடைந்திருப்பதைப் பார்த்தவள் ஜீனத். பி.எஸ்சி. கணக்கு படித்துவிட்டுப் பதினைந்து வருடமாகப் பால் கணக்கு கூடப் போடாமல் இருந்தவள். அவள்தான் கேட்டாள், "ஏன் எல்லாம் இங்கயே ஒடியுது?" என்று.

அதிலிருந்து தொடங்கியது. கரையிலிருந்து எடுத்த வீடியோவை வாடிக்கையாளர்கள் அனுப்புவார்கள். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை விநாடி என்று அவள் எண்ணுவாள். மேலே நிற்கிற ஆளின் உயரத்தை வைத்து அலையின் உயரத்தைக் கணக்குப் போடுவாள். மெதுவாக உருண்டு வருகிற குட்டை அலைக்கு அகலமான, தடித்த, தட்டையான போர்டு. சுவர் மாதிரி எழும்பி உடனே உடைகிற அலைக்கு முன்முனையான மூக்கு நன்றாக மேலே வளைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தலைகுப்புறக் குத்தும். பின்முனையான வால் ஒடுங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். அவள் வரைவாள், அவன் இழைப்பான். வாலை மட்டும் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டுக் கடைசியில் வெட்டுவார்கள். ஏனென்றால் சண்டை எப்போதும் வாலில்தான் வரும்.

நேற்றுச் சாயங்காலமும் வாலில்தான் வந்தது. போர்டு கோவளத்து ஜோதிக்கு. கடலோரத்தில் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கிற பெண். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு பாறைக்கரையில் புது வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லி, அந்த ஊர் அலையை வீடியோவில் அனுப்பியிருந்தாள். சுவர் மாதிரி எழும்பிப் பாறைமேல் உடைகிற அலை. ஜீனத் ஒடுங்கிய வாலுக்குக் கோடு போட்டாள். நவ்ஷாத் அதைப் பார்த்துவிட்டு, அதற்கு வெளியே ஒன்றரை அங்குலம் தள்ளிக் கையாலேயே இன்னொரு கோடு போட்டான்.

"அலை இப்படி இருக்கு. அதுக்கு இதுதாங்க வாலு" என்றாள் ஜீனத்.

"கணக்கு சரிதான். ஏறி நிக்கப்போறது ஜோதிதான?"

"வீடியோல எப்படி நிக்கிறா பாருங்க."

"வீடியோவ விடு. போன மாசம் ரிப்பேருக்கு வந்துச்சே அவ பழைய போர்டு, அதுல தேஞ்ச எடம் பாத்தியா? இன்னும் நடுவுலயே நிக்கிறா. பின்னால போயி அழுத்தி மிதிக்கிறவளுக்குத்தான் ஒடுங்குன வாலு. இவ விழுவா."

"கேட்டதைச் செஞ்சு குடுப்போம்."

"பாறை ஜீனத். மணல் இல்ல, பாறை. நாகூர் கந்தூரிக்குப் போயி கூட்டத்துக்கு மேல எட்டிப் பாத்ததுதான் நீ பாத்த கடலு."

அவன் கேலியாகத்தான் சொன்னான். இரண்டு தடவை நாகூர் போய் இரண்டு தடவையும் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தவள் என்று வீட்டில் பழைய கேலி உண்டு. ஆனால் அவளுக்குச் சுருக்கென்றது.

"நீங்க பன்னெண்டு வருஷம் கடலோரத்துல கெடந்து என்னத்தக் கிழிச்சீங்க? ஒரு தடவயாச்சும் இது மேல ஏறி நின்னுருக்கீங்களா?"

நவ்ஷாத் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான். ராத்திரி சாப்பிட்டான், ஆனால் குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்கவில்லை. ஹாலில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டான்.

விடிகாலை பஜ்ர் தொழுதுவிட்டு வந்து ஷெட்டுக்குப் போனான். இழைப்பு மெஷின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நின்றதும் டீ கொண்டுபோவது அவள் வழக்கம். சத்தம் நின்றபோது தெருமுனையில் ஃபேக்டரி பஸ் ஹாரன் அடித்தது. அது வருவது ஆறு பத்துக்கு. மெஷின் ஓடினால் ஹாரன் கேட்காது, அதனால் நேரத்தில் சந்தேகமே இல்லை. டீ தயாராக இருந்தது. வேணும்னா வந்து கேக்கட்டும் என்று தட்டைப் போட்டு மூடி வைத்தாள். இக்ராவுக்கு இட்லி ஊற்றினாள். துணி ஊறவைத்தாள். ஆறு ஐம்பதுக்கு டீயின் மேல் ஆடை கட்டியிருந்தது. கோபம் கொஞ்சம் இறங்கி, அதைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

ஃபோம் தூள் குவியலில் பக்கவாட்டில் விழுந்து கிடந்தான். அதில் பானை விழுந்தாலும் சத்தம் கேட்காது. கையைப் பிடித்தாள். ஜில்லென்று இருந்தது. ஃபேன் ஓடுவதால் என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "ஹார்ட்டுதாம்மா. எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"ஆறு அம்பது. மெஷின் சத்தம் நின்னுச்சு, ஓடிப்போயிப் பாத்தேன்" என்றாள் ஜீனத்.

யாரும் அவளைச் சொல்லவைக்கவில்லை. நாக்கு தானாகச் சொன்னது. "உடனே போயிருக்கும், கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு" என்றார் டாக்டர். அவர் எல்லா வீட்டிலும் அதையே சொல்கிறவராகத் தெரிந்தது.

அன்று முழுக்க அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மெஷின் வேலை முடிந்ததும் நவ்ஷாத் உப்புத்தாளை எடுப்பான். மெஷின் விட்ட வரிகளைக் கையால் தேய்த்துச் சமப்படுத்துவான். அந்த வேலைக்குச் சத்தம் கிடையாது. ஒரு பக்கம் தேய்க்க அரைமணி நேரம் ஆகும். போர்டில் உப்புத்தாள் பட்டிருந்தால் சத்தம் நின்ற பிறகும் அவன் இருந்தான். எவ்வளவு தேய்த்திருக்கிறானோ அவ்வளவு நேரம் இருந்தான். வரிகள் அப்படியே இருந்தால், அவள் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் அவன் விழுந்து கிடந்தான். போர்டைத் தொட்டால் தெரிந்துவிடும். அவள் ஓடிப்போனபோது போர்டைப் பார்க்கவே இல்லை. மெஷின் ஆணியில் தொங்கியதா, எங்கே கிடந்தது என்றுகூட ஞாபகம் இல்லை.

"அண்ணே, மெஷின் எங்க இருந்துச்சு?" என்று காஜா மைதீனிடம் ஒரு தடவை கேட்டாள்.

"எந்த மெஷினு?"

"இழைக்கிற மெஷினு. நீங்க வந்தப்ப."

"ஒயரப் புடுங்கிவிட்டேன். எங்க இருந்துச்சுன்னு யாரும்மா பாத்தா?" என்றார் அவர். பிறகு, அவள் விற்பதைப் பற்றி யோசிக்கிறாள் என்று நினைத்து, "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

பத்து மணிக்குள் பெண்கள் கூட்டம் ஹாலை நிறைத்துவிட்டது. ஒரு பக்கம் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினார்கள். இன்னொரு பக்கம் நவ்ஷாதின் தங்கை ஆலியா, வருகிறவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பாலக்கரையிலிருந்து எட்டு மணிக்குத்தான் வந்தாள், நடந்தபோது அங்கே இல்லை. முதலில் "சத்தம் நின்னதும் மச்சி ஓடுனாங்க" என்று அண்ணி ஜீனத்தைப் பற்றிச் சொன்னாள். ஒன்பது மணிக்குச் சொன்னபோது மச்சி செருப்பில்லாமல் ஓடினாள். ஒன்பதரைக்குத் தலையை மடியில் தூக்கி வைத்து மக்காவின் ஜம்ஜம் தண்ணீர் விட்டாள். பத்து மணிக்கு அண்ணன் கண்ணைத் திறந்து பார்த்து, உதடு அசைய, இறைவன் ஒருவனே என்ற கலிமாவைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

"எவ்வளவு பெரிய பாக்கியம்" என்றாள் ஒரு கிழவி. ஆலியா அழுதாள். ஆனால் அந்த அழுகையில் ஒரு நிறைவு இருந்தது. ஜீனத் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறக்கவில்லை. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பதினொன்றரைக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து நீளமான ஒரு காலிப் பையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஜோதி இறங்கினாள். வெயிலில் கறுத்து, முன்முடி செம்பட்டையான பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். நாலைந்து நாள் தங்கி, போர்டு முடிந்ததும் வாங்கிப் போக வந்தவள். பந்தலையும் செருப்புக் கூட்டத்தையும் பார்த்துவிட்டு கேட்டிலேயே நின்றாள். இக்ரா போய்க் கூட்டிவந்தாள். ஜீனத்தின் மகள், பிளஸ் டூ படிக்கிறாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தாலும் விருந்தாளியைக் கூட்டிவரத் தெரிந்திருந்தது.

"காலையில மூணு தடவ போன் போட்டேன். எடுக்கலன்னதும் வேலையா இருப்பாருன்னு நெனச்சேன்க்கா" என்றாள் ஜோதி. பையை மடியில் வைத்துக்கொண்டு ஜீனத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். துப்பட்டா இல்லாமல் வந்திருந்ததால் யாரோ ஒரு வெள்ளைத் துண்டை அவள் தலையில் போட்டுவிட்டார்கள். அதைச் சாயங்காலம் வரை அவள் எடுக்கவில்லை.

முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். மூன்று துணி சுற்றி, கற்பூரமும் அத்தரும் மணக்க, நவ்ஷாத் தயாராக இருந்தான். தாடி சுத்தமாக இருந்தது. வலது புருவத்தில் மட்டும் ஒரே ஒரு வெள்ளைத் துகள் இருந்தது. இக்ரா "அத்தா" என்று ஒரு தடவை கூப்பிட்டாள், சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரலில். அந்தக் குரல்தான் ஜீனத்தை அழவைத்தது. சத்தம் போட்டு அழாதே என்று யாரோ தோளைப் பிடித்தார்கள். உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெருவில் திரும்பும் வரை கலிமா சத்தம் கேட்டது. மதிய லுஹர் தொழுகை முடிந்து அவனுக்காகத் தொழவைத்து, மையவாடியில் அடக்கிவிட்டு அவர்கள் திரும்பும்போது மணி மூன்றாகியிருந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். வெள்ளைச் சேலை கொண்டுவந்து ஜீனத்திடம் கொடுத்தார்கள். நாலு மாதம் பத்து நாள் இத்தா, வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று தெரிந்த விஷயத்தையே ஒரு பெரியம்மா விளக்கினாள். கூட்டம் கலையக் கலைய, வீடு முன்பைவிடச் சின்னதாகத் தெரிந்தது.

"அம்மா, போர்டு மோட்டார் சந்துல இருக்கு. பெட்ஷீட் போட்டு மூடி வச்சிருக்காங்க" என்றாள் இக்ரா. அவளிடம் யாரும் கேட்கவில்லை. அம்மா எதைத் தேடுகிறாள் என்று காலையிலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜீனத் எழுந்தாள். ஜோதியும் கூடவே எழுந்தாள். கொல்லையில் இப்போது ஆண்கள் யாரும் இல்லை. மோட்டார் சந்தில் போர்டு சுவரோரமாக நின்றது. மூவருமாகத் தூக்கி, ஷெட்டில் அதன் கிராதி மேலேயே படுக்கவைத்தார்கள். தரை இன்னும் ஈரமாக இருந்தது.

ஜீனத் மூக்கிலிருந்து தொடங்கினாள். உள்ளங்கையைப் படியவைத்து மெல்ல இழுத்துக்கொண்டு வந்தாள். மெஷின் விட்ட வரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுப்பட்டன. ஒரு அடி வந்தாள். இரண்டடி வந்தாள். நடுவுக்கு வந்தாள். உப்புத்தாள் பட்ட இடம் ஒரு சாண்கூட இல்லை. வலது விளிம்பைத் தடவினாள், இடது விளிம்பைத் தடவினாள். எங்கேயோ ஒரு ஓரத்திலாவது தேய்க்கத் தொடங்கியிருப்பான் என்று திரும்பவும் மூக்கிலிருந்து வந்தாள்.

வாலுக்கு ஒரு முழம் முன்பே நவ்ஷாத் எப்போதும் மெஷினைத் தூக்கிவிடுவான். கோடு முடிவாகாத இடத்தில் பிளேடு படக்கூடாது. இன்று தூக்கவில்லை. இழைத்த தடம் கோணலாகி, இடது பக்கமாக ஓடி, இரண்டு கோடுகளுக்கும் நடுவே போய் நின்றிருந்தது. நின்ற இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பள்ளம். ஒரு முனையில் மெல்லத் தொடங்கி மறுமுனையில் செங்குத்தாக முடிந்தது. அந்த மெஷினில் பொத்தானிலிருந்து விரல் எடுத்தால் சத்தம் நின்றுவிடும்.

ஆக, ஆறு பத்து.

ஜீனத் கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பது நிமிடம். டாக்டர் சொன்ன மாதிரி முதல் நிமிடத்திலேயே முடிந்திருக்கலாம். முடியாமலும் இருந்திருக்கலாம். அதை எந்த போர்டும் சொல்லாது. ஒரு தடவைகூடத் தவறாமல் சத்தம் நின்றதும் போனவள், போகாத ஒரே நாள் இது.

ஜோதி அந்தப் பள்ளத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"உள்கோட்டுல வெட்டுனா இது வெட்டுற துண்டோட போயிருமாக்கா?"

"போயிரும்."

உண்மைதான். ஜீனத்தின் கோட்டில் வெட்டினால் பள்ளம் கழிவோடு போய்விடும். சாக்கில் அள்ளிக் கட்டிவிடலாம். ஒரு மணி நேர வேலை. பிறகு இந்த உலகத்தில் அந்த நாற்பது நிமிடத்துக்குச் சாட்சி கிடையாது.

ஜோதி தலையில் கிடந்த துண்டின் நுனியை முறுக்கினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். பாய்கிட்ட சொல்லலாம்னுதான் நேர்லயே வந்தேன்."

"என்ன?"

"அந்த வீடியோல இருக்குறது நான் இல்ல. அந்த ஊருப் பொண்ணு. நான் அந்த அலையில ஏழெட்டு நாளு எறங்கிப் பாத்துட்டேன். ஒருவாட்டி கூட நிக்க முடியல. இங்க பாருங்க." சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். முழங்கையிலிருந்து தோள் வரை பாறை உராய்ந்த காயம் காய்ந்திருந்தது. "அங்க வேல குடுக்குறவங்களுக்கு நான் நல்லா ஏறுவேன்னு சொல்லி வச்சிருக்கேன். போர்டு சரியா இருந்தா நின்னுரலாம்னு நெனச்சேன்."

"அவருக்குத் தெரியும்" என்றாள் ஜீனத்.

"எப்படிக்கா?"

"உன் பழைய போர்டப் பாத்துச் சொன்னாரு. நீ விழுவேன்னு சொன்னாரு. நான்தான் கேக்கல."

ஜோதி சட்டைக் கையை இறக்கிவிட்டாள். இக்ரா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காஜா மைதீன் கையில் ஒரு தாளோடு ஷெட் வாசலுக்கு வந்தார். பின்னாலேயே ஆலியா டீத் தட்டுடன் வந்தாள்.

"இங்க என்னம்மா பண்றீங்க? ஜமாஅத் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வரேன். புக்குல எழுதணும், சர்டிஃபிகேட்டுக்கும் அதத்தான் குடுப்பாங்க. பேரு, அத்தா பேரு, வயசு எல்லாம் எழுதிட்டேன். டயம் ஆறு அம்பதுதான?"

"இல்லண்ணே. ஆறு பத்து."

காஜா மைதீன் பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். "டாக்டர் ஆறு அம்பதுன்னுல்ல சொன்னாரு."

"நான் சொன்னதத்தான் அவரு சொன்னாரு. சத்தம் ஆறு பத்துக்கு நின்னுச்சு. நான் போகல. ராத்திரி சண்ட, அந்தக் கோவத்துல உக்காந்திருந்தேன். ஆறு அம்பதுக்குத்தான் போனேன்."

அவர் தாளைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். "சரிம்மா. நாப்பது நிமிஷத்த யாரு கேக்கப் போறா? எழுதுனது எழுதுனதா இருக்கட்டுமே. அல்லாவோட நாட்டம்."

"ஆறு பத்துன்னு எழுதுங்கண்ணே."

ஆலியா ஒரு அடி முன்னால் வந்தாள். டீ தட்டில் சிந்தியது.

"அப்ப கலிமா, மச்சி?"

ஜீனத்துக்கு அவளைப் பார்த்துச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. மற்றவர்களிடமிருந்து அவள் எதையும் பறிக்கவில்லை. ஆலியாவிடமிருந்து பறிக்கிறாள்.

"நான் போனப்ப உங்க அண்ணன் ஒண்ணும் சொல்லல ஆலியா. கை ஆறிப்போயிருந்துச்சு."

ஆலியா தட்டை வாய்க்கால் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஜீனத்துக்குத் தோன்றியது. காஜா மைதீன் தாளைச் சுவரில் வைத்து எதையோ அடித்து மேலே எழுதினார். "டீயக் குடிங்க, ஆறிடும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

யாரும் டீயை எடுக்கவில்லை.

"எனக்கு இப்ப போர்டு வேணாம்க்கா. நீங்க இருக்குற நெலமையில" என்றாள் ஜோதி.

"வாலும் தேய்ப்பும்தான் பாக்கி. வெட்டிட்டு, ஃபைபர் துணி ஒட்டி ரெசின் ஊத்தணும். இத்தா முடியறதுக்குள்ள அனுப்பிடுவேன். நான் எங்கயும் போகப்போறது இல்ல, இங்கதான இருப்பேன்."

ஜன்னல் கட்டையில் பென்சில் இருந்தது. மோதினார் எடுத்து வைத்திருக்க வேண்டும், காதோரத்திலிருந்து. ஜீனத் அதை எடுத்தாள். குனிந்து, தான் போட்ட கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்தாள். ஃபோமில் பென்சில் கோடு சுலபமாக அழியாது. சாம்பல் நிறத்தில் ஒரு தடம் தங்கிவிட்டது.

"வெளிக்கோடா அக்கா?"

"வெளிக்கோடு."

"அப்ப இந்தப் பள்ளம் போர்டுலயே இருக்குமே."

"இருக்கும். அடைச்சிடலாம். ஆனா ரெசினுக்கு அடியில நெறம் வேற மாதிரி தெரியும்."

"தெரிஞ்சா பரவால்லக்கா" என்றாள் ஜோதி.

நவ்ஷாத் கையால் போட்ட கோடு மங்கலாக இருந்தது, ஓரிடத்தில் லேசாக நெளிந்தும் இருந்தது. நெளிவைச் சரிசெய்யலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, ஜீனத் அப்படியே விட்டாள்.

"இக்ரா, அந்தப் பக்கம் ஆடாமப் புடிம்மா."

இக்ரா இரண்டு கையாலும் போர்டின் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். ஜீனத் பென்சிலை அழுத்திப் பிடித்து, பள்ளத்துக்கு வெளியே, அவன் போட்ட கோட்டின் மேலேயே வரைந்துகொண்டு போனாள்.